நடு அறையில் மூன்றாம் நாள்

வீடியோ கேம் மெக்கானிக்கின் வீட்டு நடு அறையில் ஒரு மணி நேரத்துக்கு ஐம்பது நிமிடம்தான். இதைக் கண்டுபிடிக்க அவருக்கு மூன்று வாரம் பிடித்தது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் வீடியோ விளையாட்டுக் கடை வைத்திருந்தவர் ஆட்டப் பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, ஆட்டம் நகரவே மாட்டேன் என்கிறது, ஒரு தடவை ஆடியவன் மறு தடவை அந்தப் பெட்டிப் பக்கமே வருவதில்லை என்று புலம்பினார். எரிகிற கட்டடத்தில் ஒரு தீயணைப்புக்காரன் ஏணி ஏறி ஆட்களை இறக்கிக் கொண்டுவரும் ஆட்டம் அது. மெக்கானிக் போர்டை நடு அறை மேசையில் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு மணி நேரம் ஓட விட்டுப் பார்த்தார். தீயணைப்புக்காரன் மளமளவென்று ஏறினான், இறங்கினான். பழுது ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்தார். கடையில் வைத்ததும் அவன் மறுபடி நிறைமாதக்காரி போல ஏறத் தொடங்கினான். மூன்று முறை இப்படிப் போய் வந்ததில் இருவருக்கும் பேச்சு வார்த்தை நின்றுபோய், போர்டு மெக்கானிக் வீட்டிலேயே தங்கிவிட்டது. இதற்கிடையில் அவருடைய கைக்கடிகாரம் தினமும் பின்தங்கியது. அதை எடுத்துக்கொண்டு கடிகாரக் கடைக்குப் போனார். கடிகாரக்காரர் திறந்து பார்த்துவிட்டுப் பழுது ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்தார். தான் சொன்ன அதே வார்த்தையை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் மெக்கானிக்குக்குக் கொஞ்சம் உறைத்தது.

அது கள்ள போர்டு. அந்தக் காலத்தில் கடைகளில் ஓடியவற்றில் பாதி அப்படித்தான். பெரிய கம்பெனி ஒரு ஆட்டத்தை வெளியிட்டால், மூன்றே மாதத்தில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு மாடியில் உட்கார்ந்து அதை அப்படியே நகலெடுத்து, கம்பெனி பெயரை மட்டும் அழித்துவிட்டு விற்றுவிடுவார். இந்த நகலில் தீயணைப்புக்காரனின் சிவப்புத் தொப்பி பச்சையாக இருந்தது. இன்னொரு வித்தியாசம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரிந்தது. எந்தப் போர்டிலும் கிரிஸ்டல் என்று சின்னத் தகர டப்பி ஒன்று இருக்கும். போர்டின் நாடித் துடிப்பே அதுதான். அசல் போர்டில் அதன் தலையில் பன்னிரண்டு என்று பொறித்திருக்கும். இதில் பத்து என்று இருந்தது. கடையில் சுற்றிலும் முப்பது நல்ல போர்டுகள் ஓடிக்கொண்டிருந்தபோது இது தன் பாட்டுக்கு மந்தமாக இருந்தது, அவ்வளவுதான். மூடிய அறையில் தனியாக விட்டால் அறையே இதன் துடிப்புக்கு ஓடியது. ஏன் என்று பிற்பாடு பலர் கேட்டிருக்கிறார்கள். பழுது பார்க்கிறவரிடம் எப்படிச் சரி செய்வது என்று கேட்கலாம், ஏன் என்று கேட்டால் அவர் என்ன செய்வார்.

அதே மாதத்தில் அவருடைய மனைவிக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. தையல்காரி, நாற்பத்து நாலு வயது. பார்த்த டாக்டர் இந்த விஷயத்தில் பொல்லாதவர். அவர் சொன்ன கெடு ஒரு நாள் முன்னே பின்னே போனதில்லை என்று பேர் எடுத்தவர், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆறு மாதம் என்றார். அவர்களுடைய ஒரே மகன் அப்போது சிறையில் இருந்தான். பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் இன்னொருவனுக்காக வண்டி ஓட்டிப் போனதற்கு இரண்டு வருடம் போட்டிருந்தார்கள். மீதம் பன்னிரண்டு மாதம் இருந்தது. அம்மா ஒரே ஒரு முறை போய்ப் பார்த்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். எழுந்ததும் சொன்னாள்: "இனிமே அவனை நான் பார்த்தா இந்த வீட்டுலதான் பார்ப்பேன். அங்க வந்து நிக்க மாட்டேன். செத்தாலும் மாட்டேன்." சும்மா ஒரு பேச்சுக்கு எதையும் சொல்கிற பெண் அல்ல அவள். மகனைச் சில நாள் வீட்டுக்கு அனுப்பும்படி மெக்கானிக் இரண்டு மனு எழுதினார். இரண்டுக்கும் பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. அதே கடிதம், அதே எழுத்துப் பிழை.

அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். ஒரு போர்டு ஒரு மணி நேரத்தை ஐம்பது நிமிடமாக்குகிறது. இரண்டாவது போர்டு அந்த ஐம்பதில் ஆறில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஐந்து போர்டு சேர்ந்தால் ஒரு மணி நேரம் இருபத்து நாலு நிமிடமாகிவிடும். அவளை நடு அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினால், வெளியே பன்னிரண்டு மாதம் போவதற்குள் உள்ளே ஆறு மாதம் முடிந்திருக்காது. மகன் வாசலில் வந்து நிற்பான், அவள் உயிரோடு இருப்பாள். வேண்டியதெல்லாம் அதே பச்சைத் தொப்பி, அதே பத்தாம் நம்பர் கிரிஸ்டல். மனைவி தாளை வாங்கி இரண்டு முறை பார்த்தாள். அளவெடுத்து வெட்டிப் பழகிய கை என்பதால் கணக்கு அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. "அப்போ எனக்கு நாள் கூடாது, இல்லையா? அதே ஆறு மாசம்தான்" என்றாள். ஆமாம் என்றார். "சரி. அவன் வந்து சேரட்டும், அது போதும்" என்று தையல் மெஷினைத் தானே தள்ளிக்கொண்டு நடு அறைக்குக் குடி போனாள்.

இப்படித்தான் அவர் தேட ஆரம்பித்தார். தேடுவதற்கு அதைவிட மோசமான காலம் இருந்திருக்க முடியாது. விளையாட்டுக் கடைகள் ஒவ்வொன்றாகச் செல்போன் கடைகளாக மாறிக்கொண்டிருந்தன. பழைய பெட்டிகளின் பலகையைக் கோழிக்கூடு செய்ய எடுத்துக்கொண்டு, உள்ளே இருந்ததைக் காயலான் கடைக்குப் போட்டார்கள். நகல் என்றால் ஒரு நகல் அல்ல. நகலுக்கு நகல், அதற்கும் ஒரு நகல் என்று அந்தத் தீயணைப்புக்காரன் நீலத் தொப்பி, மஞ்சள் தொப்பி, தொப்பியே இல்லாத மொட்டைத் தலை என்று பல வேடங்களில் திரிந்தான். பச்சைத் தொப்பியிலும் பன்னிரண்டாம் நம்பர் கிரிஸ்டல் போட்டவை உண்டு. சில வியாபாரிகள் எண்ணை உப்புத்தாளால் தேய்த்துவிடுவார்கள். அதனால் மெக்கானிக் இரண்டு கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போவார். போர்டை ஓட விட்டு, ஒரு கடிகாரத்தோடு சேர்த்து அலமாரியில் வைத்து மூடி, வெளியே ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். பிறகு திறந்து இரண்டு கடிகாரத்தையும் அருகருகே பிடித்துப் பார்ப்பார். ஏழு ஊர்களில் அவருக்குக் கிறுக்கர் என்று பேர்.

இரண்டாவது போர்டு ஒரு முடிதிருத்தும் கடையின் பின்னறையில் கிடைத்தது. வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் நேரத்தில் ஆடுவதற்காக வைத்த பெட்டி. அந்த அறையில் காத்திருந்தவர்களுக்குக் காத்திருந்ததாகவே தெரியவில்லை என்பதால், கடைக்காரர் வேகமாக வேலை செய்கிறவர் என்று பதினைந்து வருடமாக நல்ல பேர் வாங்கியிருந்தார். அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமே இல்லை. கடைசியில் மனைவியின் விஷயத்தைச் சொன்னதும் திருப்புளி எடுத்துவந்து தானே கழற்றிக் கொடுத்தார். மூன்றாவது ஒரு சேகரிப்பாளரிடம் இருந்தது. அசல் போர்டுகள் மட்டும் வைத்திருக்கும் மனிதர், கண்ணாடிப் பெட்டிக்குள், தூசி படாமல். கள்ள போர்டைக் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க முட்டாக வைத்திருந்தார். ஆனால் அவருடைய அசல்களில் பாதி செத்துப்போயிருந்தன. நகலெடுக்கிறவர்களைத் தடுக்கக் கம்பெனிக்காரர்கள் உள்ளே ஒரு பேட்டரி வைத்து, அது தீர்ந்தால் ஆட்டமும் அழிந்துவிடும்படி செய்திருந்தார்கள். திருடனுக்கு வைத்த பொறியில் வீட்டுக்காரன் விழுந்தான். நகலெடுத்தவர்கள் பேட்டரியைத் தூக்கிக் கடாசிவிட்டதால் கள்ள போர்டுகள் கல் மாதிரி ஓடின. மெக்கானிக் ஒன்பது நாள் அங்கேயே தங்கி, செத்த அசல்களில் நாலை உயிர்ப்பித்துக் கொடுத்துவிட்டு, கதவுக்கு முட்டாக இருந்த போர்டை வாங்கிவந்தார். ஒன்பது நாள் என்பது நடு அறையில் ஆறு நாளுக்கும் மேல். அவள் அந்த நாட்களில் ஒரு சட்டை தைத்து முடித்திருந்தாள்.

இன்னொரு போர்டு அவர் போய்ச் சேருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் காயலான் கடைக்காரரின் அமிலத் தொட்டிக்குள் இறங்கிவிட்டது. தங்க முலாம் எடுக்கிறார்களாம். பச்சைப் பசேலென்று நுரைத்த தொட்டியைப் பார்த்துக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். காயலான் கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. தன் வாழ்நாளில் யாரும் அந்தத் தொட்டியைப் பார்த்து அழுததில்லை என்று சொல்லி, ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். நாலாவதும் ஐந்தாவதும் ஆறு மாதத்துக்குள் எப்படியோ கைக்கு வந்தன. ஆனால் ஆரம்பத்தில் போன நாட்கள் போனதுதான். இடையில் இரண்டு முறை பெரிய மின்வெட்டு வந்து, அறை தெருவோடு சேர்ந்து ஓடியது. தாளில் கணக்கு இடித்தது. ஐந்து போதாது, ஆறு வேண்டும் என்று வந்தது.

ஆறாவதைத் தேடிப் போனபோதுதான் அவர் நகலெடுத்த மனிதரையே கண்டுபிடித்தார். பெரிய நகரமொன்றில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே, இரண்டு அறை வீட்டில், எழுபது வயதுக்காரர் ஒருவர் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். மெக்கானிக் போர்டை எடுத்து மேசைமேல் வைத்ததும் அவர் திடுக்கிட்டு வாசல் கதவைப் பார்த்தார். இருபது வருடமாகிவிட்டாலும் போலீஸ் பயம் போகவில்லை. வந்தவர் போலீஸ் இல்லை என்று தெரிந்ததும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் கைவேலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிரிஸ்டல் விற்கிறவன் பன்னிரண்டு என்று சொல்லிப் பத்தைத் தலையில் கட்டிவிட்டான், அறுபது போர்டு செய்து முடித்த பிறகுதான் பார்த்தேன் என்றார். "ஓடுதான்னு பார்த்தேன், ஓடிச்சு. சரி போகட்டும்னு அனுப்பிட்டேன். பாதிக்கு மேல திருப்பி அனுப்பிட்டாங்க. இதைத் தேடிக்கிட்டு ஒருத்தர் வருவார்னு நான் கனவுலகூட நினைக்கல சார்." மெக்கானிக் விஷயத்தைச் சொன்னார். கிழவர் அதில் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. அந்த அறுபதையும் சோதித்துப் பார்த்த மாதத்தில் தன் மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீடு போய், சமாதானமாகி, திரும்பியும் வந்துவிட்டாள், தனக்கு அது மறுநாள்தான் தெரிந்தது என்றார். வீட்டில் ஒன்றுதான் இருந்தது, அதைக் கொடுத்தார். திரும்பி வந்தவை எல்லாம் மைத்துனரின் கிடங்கில் பூட்டிக் கிடக்கின்றன, மைத்துனரோடு பேச்சு இல்லை, பேசிப் பார்க்கிறேன் என்றார். மைத்துனர்களோடு பேசிப் பார்க்கிற காரியம் எப்படிப் போகும் என்பது தெரிந்ததால் மெக்கானிக் அதை நம்பவில்லை.

ஆறு போர்டும் நடு அறையில் ஓடத் தொடங்கின. திரை ஒன்றுக்குத்தான் இருந்தது. மற்ற ஐந்தும் மேசைக்கு அடியில் இருட்டில் ஏணி ஏறிக்கொண்டிருந்தன. சன்னலைப் பலகை அடித்து மூடியாகிவிட்டது. ஒரு மணி நேரம் இருபது நிமிடமாகியது. இனி தேடப் போக வேண்டாம், ஆனால் யாராவது வெளியே இருந்தாக வேண்டும். மின்சாரம் போனால் பேட்டரிக்கு மாற்ற வேண்டும். மேசைக்கடியிலிருந்து சுவரில் துளையிட்டு வெளியே இழுத்திருந்த ஒயர்களில் எதுவாவது சூடேறினால் பார்க்க வேண்டும். அவர் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். உள்ளே போய் அவளோடு ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு வந்தால் வெளியே ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். அதற்குள் என்ன ஆகுமோ என்று அவருக்குப் பதறும். அதனால் சாப்பாட்டை வைத்துவிட்டு, மாத்திரையை வைத்துவிட்டு, ஓடி வந்துவிடுவார்.

குறிக்கப்பட்ட தேதியில் மகன் விடுதலையாகி வந்தான். கெடுவில் ஐந்து நாள் மீதம் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நடு அறைக்குப் போனான். மெக்கானிக் கதவைச் சாத்தினார். உள்ளே அவர்கள் ஒரு நாள் பேசினார்கள். வெளியே மூன்று நாள் ஆனது. அவள் அவனுக்குத் தைத்து வைத்திருந்த ஏழு சட்டைகளில் ஒன்றும் சரியாக இல்லை. அவன் அத்தனை இளைத்திருந்தான். அவள் தையலைப் பிரித்து ஒன்றைச் சரி செய்து போட்டுவிட்டாள். பிறகு அவன் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு நீ வந்தது போதும்டா. ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? இந்த அறைக்கு நான் வந்ததிலேருந்து உங்கப்பா என்கூட உக்காந்திருந்ததை எல்லாம் சேர்த்துப் பார்த்தா பதினோரு நாள் வருது. நான் தினம் எண்ணிக்கிட்டு வரேன். உன்னைக் காட்டணும் உன்னைக் காட்டணும்னு ஓடி ஓடி, அந்த மனுஷன் மூஞ்சியையே நான் பார்க்கலடா. இன்னும் நாலு நாள் இருக்கு. அவரை உள்ள வரச் சொல்லு."

மகன் வெளியே வந்து மெக்கானிக்கிடம் அதைச் சொன்னான். அவர் ஒரு வருடமாகப் போட்ட எந்தக் கணக்கிலும் இந்தப் பதினோரு நாள் வரவில்லை. போர்டை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். "நான் பார்த்துக்கறேன்பா. காத்துக்கிட்டு உக்கார எனக்குச் சொல்லியா தரணும்? நீங்க போங்க" என்றான் மகன். அவர் முகம் கழுவிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர் போலத் தயங்கி நின்றுவிட்டு உள்ளே போனார். அது ஒரு வியாழக்கிழமை. சனிக்கிழமை காலையில் லாரி ஒன்று வந்து வாசலில் நின்றது. நகலெடுத்த கிழவர் மைத்துனரோடு பேசிவிட்டிருந்தார். மூன்று மூட்டைகளில் முப்பத்தெட்டு போர்டு.

ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் அந்த மூட்டைகள் தெய்வம் கொடுத்தது என்று சொல்லியிருக்கலாம். இப்போது அவற்றுக்கு வேலையே இல்லை. அம்மா மகனைப் பார்த்துவிட்டாள். அப்பா உள்ளே இருக்கிறார். போர்டு ஆறானாலும் நாற்பத்து நாலானாலும் உள்ளே இருக்கிறவர்களுக்கு மீதம் நாலு நாள்தான், ஒரு நிமிடம் கூடாது. இதெல்லாம் மகனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் உள்ளே நாலு நாள் முடிவது வெளியே பன்னிரண்டாம் நாள் என்று ஆறு போர்டின் கணக்குச் சொன்னது. பன்னிரண்டாம் நாள் என்றால் வருகிற செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. இரண்டு வருடம் அவன் பிரிந்திருந்த அம்மா அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு இருக்க மாட்டாள். அவன் மூட்டையைப் பிரித்தான். கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் ஒயர் இழுத்தான். அப்பாவுக்குத் தப்பாத மகன் என்பது அவன் ஒயர்களை ஈயம் வைத்துப் பற்றவைப்பதைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். அன்று மாலை கதவை ஓரமாகத் திறந்து, முப்பத்தெட்டையும் சுவரோரமாக அடுக்கித் தள்ளிவிட்டு, மின்சாரம் கொடுத்தான். உள்ளே இருந்த இருவரும் திரும்பிப் பார்ப்பதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது. யாரையும் அவன் கேட்கவில்லை.

அதன்பின் நடு அறையில் ஒரு நாள் என்பது தெருவில் எட்டு வருடத்துக்குக் கொஞ்சம் கூடுதல். ஒரு வேளைச் சாப்பாடு வைத்தால் அடுத்த வேளைக்கு ஏறக்குறைய மூன்று வருடம். மகன் அப்பாவின் தொழிலையே எடுத்துக்கொண்டான். விளையாட்டுப் பெட்டி போய் வாஷிங் மெஷின் போர்டுகள் வந்திருந்தன. சாப்பாட்டுத் தட்டை உள்ளே வைத்துவிட்டு வர இரண்டு நிமிடம் ஆகும். அதற்கு நாலு நாள் கடையைச் சாத்த வேண்டும். வாடிக்கையாளர்கள் அதை அனுசரித்துக்கொண்டார்கள். ஒரு தடவை அம்மாவின் தலையணை கீழே விழுந்திருந்ததை எடுத்து வைத்துவிட்டு, அவள் கேட்ட இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வந்ததில் அவனுடைய நிச்சயதார்த்தமே தவறிப்போனது. பெண் வீட்டார் நல்லவர்கள், வேறு நாள் குறித்தார்கள். பெற்றவர்கள் ஒரு தூக்கம் தூங்கி எழுவதற்குள் அவனுக்குக் கல்யாணமாகிக் குழந்தை நடந்தது. மகளைப் பள்ளியில் சேர்த்தபோது தாத்தா பாட்டி உண்டா என்று படிவத்தில் கேட்டிருந்தது. நடு அறையில் என்று எழுதினான். அலுவலகப் பெண் அதைப் படித்துவிட்டு முத்திரை குத்தினாள்.

காலையில் கடைக்குக் கிளம்பும் முன் கதவை ஒரு விரல் அகலம் திறந்து பார்ப்பான். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்திருப்பாள். மாலையில் திரும்பி வந்து பார்த்தால் அப்பா சிரிக்கத் தொடங்கியிருப்பார். காலையில் அவருடைய சட்டைக் காலரை நோக்கி நீண்ட அவள் கை மதியம் காலரைப் பிடித்து, மாலைக்குள் அதை நேராக்கிவிட்டிருக்கும். அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. வாசலில் நிற்கிறவனுக்குச் சத்தம் எட்டாது. நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று மனைவியிடம் சொல்வான். ஆனால் வலியும் அதே அறையில்தான் இருந்தது. அம்மாவுக்கு வலி வந்துவிட்டால், அவள் கண்ணை இறுக்கி முகம் சுளிப்பது காலையில் ஆரம்பித்து மாலை வரை முடியாது. அவளுக்கு அது பத்து விநாடி. அவன் அன்று வேலைக்குப் போகாமல் கதவோரத்தில் நின்று பத்து விநாடியையும் முழுதாகப் பார்ப்பான். இது யாருக்காக என்று அவன் மனைவி ஒரே ஒரு முறை கேட்டாள். அவன் ஒயர் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பிறகு கேட்கவில்லை.

அம்மாவை எத்தனை நாள் ஏமாற்ற முடியும். நாலாவது சாப்பாட்டின்போது அவள் அவன் காதோரத்தைப் பார்த்து, "என்னடா, நரையா?" என்றாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன் என்று சொல்லிவிட்டு ஓடி வந்தான். அடுத்த வேளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். மூக்கில் தழும்பு இருந்தது. அப்பா அவனை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு சுவரோரம் அடுக்கியிருந்ததை எண்ணிப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவர் எந்த வாயால் திட்டுவார். தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தார்.

ஏழாவது சாப்பாடு போன வருடம் வைத்தான். இப்போது அவனுக்கு நாற்பத்தாறு வயது, அம்மாவைவிட ஒன்றரை வயது மூத்தவன். தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் முகத்தையும் தலையையும் தொந்தியையும் ஒரு துணியை அளப்பது போலப் பார்த்தாள். பிறகு கையை விட்டாள். அவன் விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டான். வாசற்படியைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது அவள் அவனை நோக்கிக் கையை உயர்த்தியிருந்தாள், உதடுகள் சேர்ந்திருந்தன, ஒரு சொல் ஆரம்பமாகிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு விநாடி என்பது வெளியே ஏறக்குறைய ஒரு மணி நேரம். அவன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தான். சேர்ந்த உதடுகள் மெல்ல விலகிக் குவிந்தன. பிறகு நாக்கு மேல்பல்லுக்கு வந்தது. அதற்குள் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அது "போதும்" என்ற சொல் என்பது அவனுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. அம்மா முழுதாக ஒன்றைச் சொல்லி அவன் கேட்காமல் இருந்ததில்லை. சொல்லி முடித்துவிட்டால் எழுந்து போய் ஒயரைப் பிடுங்கித்தான் ஆகவேண்டும். அவள் உதடுகள் மறுபடி சேர்வதற்கு முன்னால் அவன் எழுந்து கதவைச் சாத்தினான்.

பத்து நாள் அவன் கதவைத் திறக்கவில்லை. பதினோராம் நாள் பார்த்தபோது அவள் அப்பா பக்கம் திரும்பியிருந்தாள், அவர் தட்டிலிருந்து நிமிர்ந்திருந்தார். மீட்டர் பார்க்கிறவர் மாதாமாதம் வருகிறார், எண்ணைக் குறித்துக்கொண்டு அவர்கள் சௌக்கியமா என்று கேட்கிறார், சௌக்கியம் என்று பதில் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். உள்ளே இன்று மூன்றாம் நாள் மதியம். எட்டாவது சாப்பாட்டுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. அதுவரை அம்மா சொன்னது அவன் காதில் விழாது.